ஒப்ஷ்டினாவை நகராட்சி என்று எழுதலாமா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். பால்கன் நாடுகளின் உள்ளாட்சி பற்றித் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரையில் வடக்கு மாசிடோனியாவுக்கு இரண்டு பத்திகள் ஒதுக்கியிருந்தீர்கள். தமிழ் நாளிதழில் அந்த நாட்டின் பெயர் அடிபடுவதே அபூர்வம் என்பதால் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனாலும் "84 நகராட்சிகள்", "சிறியவற்றை இணைத்து நிர்வாகம் சீராக்கப்பட்டது", "வரியும் செலவும் இனி அவர்கள் கையில்" என்று வந்திருக்கும் மூன்று வாசகங்களையும் அப்படியே விட்டுவிட முடியாது. முதலாவது பழைய கணக்கு. இரண்டாவதில் காரணமே மாறிப்போயிருக்கிறது. மூன்றாவது பாதிதான் உண்மை.

முதலில் அந்தச் சொல். மாசிடோனிய மொழியில் உள்ளாட்சி அலகின் பெயர் ஒப்ஷ்டினா. அங்குள்ள அல்பேனியர்கள் கொமுனா என்பார்கள், துருக்கியர்கள் பெலெதியே என்பார்கள். இதை 'நகராட்சி' என்று எழுதினால், பேரூராட்சிக்கு மேலே, மாநகராட்சிக்குக் கீழே இருக்கும் ஒன்று என்றுதான் நம் வாசகர் எடுத்துக்கொள்வார். அங்கே அப்படிப் படிநிலை எதுவும் கிடையாது. ஊராட்சி, ஒன்றியம், மாவட்டம் என்ற அடுக்குகளும் இல்லை. அரசுக்கு அடுத்தபடி ஒப்ஷ்டினாதான். 8 திட்டமிடல் மண்டலங்கள் உண்டு, ஆனால் அவற்றுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றமோ வரி போடும் உரிமையோ கிடையாது. மேயர்கள் கூடிப் பேசும் ஒரு குழு மட்டும் உண்டு. ஒரே ஒரு மலைக்கிராமமும் ஒப்ஷ்டினாதான், சுமார் ஒரு லட்சம் பேர் வாழும் குமானோவோவும் ஒப்ஷ்டினாதான். இரண்டுக்கும் ஒரே சட்டம், ஒரே அதிகாரப் பட்டியல். வேடிக்கை என்னவென்றால், மேயருக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயருக்கே 'நகரத் தலைவர்' என்றுதான் பொருள். வெறும் கிராமங்களால் ஆன நோவாட்சியின் தலைவரும் பதவிப் பெயரில் நகரத் தலைவர்தான்! ஆகவே ஒப்ஷ்டினா என்றே எழுதி, முதல் இடத்தில் 'உள்ளாட்சி அலகு' என்று விளக்கம் கொடுத்துவிடலாம்.

இனி எண்ணிக்கை. 1991-ல் யூகோஸ்லாவியாவிலிருந்து பிரிந்தபோது அங்கே 34 ஒப்ஷ்டினாக்கள் இருந்தன. பரப்பில் பெரியவை, யூகோஸ்லாவியக் காலத்தில் அதிகாரமும் கணிசமாக இருந்தது. தனி நாடானதும் அந்த அதிகாரத்தைத் தலைநகர் ஸ்கோப்யே எடுத்துக்கொண்டது. 1996-ல் 34 என்பது 123 ஆனது. பலகையும் முத்திரையும் கிடைத்தன, பணமும் அதிகாரமும் கிடைக்கவில்லை. 2004 ஆகஸ்டில் வந்த எல்லைச் சட்டம் எண்ணிக்கையை 84-க்கு இறக்கியது. 2013-ல் ஸாயஸ், ஒஸ்லோமேய், த்ருகோவோ, வ்ரானெஷ்டிட்சா ஆகிய நான்கும் கிச்செவோவுடன் இணைந்த பிறகு 80. இந்த 80-ல் 10 தலைநகருக்குள் இருக்கின்றன. அவற்றுக்கு மேல் 'ஸ்கோப்யே நகரம்' என்று தனி அலகு ஒன்றும் உண்டு. அதைச் சேர்த்தால் 81. 2025 அக்டோபர் உள்ளாட்சித் தேர்தலில் 81 மேயர் பதவிகளுக்குப் போட்டி நடந்தது இதனால்தான். கட்டுரையாளர் 2013-க்கு முந்தைய ஏதோ ஓர் அட்டவணையைப் பார்த்து எழுதியிருக்கிறார் போலும்.

123-ஐ 84 ஆக்கியதற்கு நிர்வாக வசதி ஒரு காரணம் என்பதை மறுக்கவில்லை. சில நூறு பேருக்கு ஒரு மேயர் என்பது கட்டுப்படியாகாத ஏற்பாடு. ஆனால் கோடு எங்கே விழுந்தது என்பதைத் தீர்மானித்தது 20 என்ற எண். 2001-ல் அல்பேனிய ஆயுதக் குழுவுக்கும் அரசுக்கும் நடந்த மோதல் அந்த ஆண்டு ஆகஸ்ட் 13-ல் ஓஹ்ரிட் ஒப்பந்தத்தில் முடிந்தது. அதன் வழியே வந்த விதி இது: ஓர் ஒப்ஷ்டினாவில் குறைந்தது 20 சதவீதம் பேர் பேசும் மொழி, மாசிடோனிய மொழியோடு சேர்ந்து அங்கே ஆட்சிமொழியாகும். 20-க்குக் குறைந்தால் மன்றம் விரும்பினால் கொடுக்கலாம், கட்டாயமில்லை. விண்ணப்பப் படிவம், பெயர்ப் பலகை, மன்றக் கூட்டத்தில் மொழிபெயர்ப்பாளர், அலுவலகத்தில் அந்த மொழி தெரிந்த ஆள் என எல்லாம் இந்த 20 சதவீதத்தைப் பொறுத்தது. கிராமம் ஒன்றை எந்தப் பக்கம் சேர்க்கிறோம் என்பது ஏன் இவ்வளவு பெரிய சண்டையாயிற்று என்பது இப்போது விளங்கும்.

ஸ்கோப்யே நகரத்தையே பாருங்கள். மேற்கே அல்பேனியர் நிறைந்த சராய் பகுதியைத் தலைநகர எல்லைக்குள் கொண்டுவந்தார்கள். புதிய எல்லைக்குள், 2002 கணக்கெடுப்புப்படி, 5,06,926 பேரில் அல்பேனியர் 1,03,891 பேர். அதாவது 20.49 சதவீதம். வரம்பைத் தாண்டியது அரைச் சதவீதம்கூட இல்லை. தற்செயல் என்று யாரும் நம்பவில்லை.

ஸ்ட்ருகாவில் இதைவிடக் கசப்பு அதிகம். ஓஹ்ரிட் ஏரிக்கரையில் உள்ள அந்த ஊரோடு லபுனிஷ்டா, வெலெஷ்டா, டெலொகொஜ்டி போன்ற சுற்றுப்புற ஒப்ஷ்டினாக்களைச் சேர்த்தார்கள். சேர்த்த பிறகு 63,376 பேரில் பாதிக்கும் மேல் அல்பேனியர், மாசிடோனியர் மூன்றில் ஒரு பங்கு. 2004 ஜூலையில் ஊரே தெருவில் இறங்கியது. இந்த ஸ்ட்ருகாவை ஒட்டினாற்போல் இருப்பது வெவ்ச்சானி, ஒரே ஓர் ஊர், இரண்டாயிரத்துச் சொச்சம் மக்கள். அளவும் வசதியும்தான் அளவுகோல் என்றால் அதைத்தான் முதலில் இணைத்திருக்க வேண்டும். தொடவில்லை. தங்கள் ஊற்றுநீரைக் குழாய் போட்டு வெளியே கொண்டுபோவதை எதிர்த்து 1987-ல் போலீஸ் தடியடி வாங்கிய ஊர் அது. 1991-ல் தன்னைத் தானே 'வெவ்ச்சானிக் குடியரசு' என்று அறிவித்துக்கொண்டு, நையாண்டியாகக் கடவுச்சீட்டும் பணத்தாளும் அச்சடித்தது. அதன்மேல் கை வைக்க எந்த அரசுக்கும் துணிவில்லை என்பது எங்கள் கணிப்பு.

கிச்செவோவில் சூடு அதிகம் என்பதால் இணைப்பைத் தள்ளித் தள்ளி 2013 வரை கொண்டுபோனார்கள். அந்த ஆண்டுத் தேர்தலில் முதல்முறையாக ஓர் அல்பேனியர் மேயரானார். இணைந்த நான்கு ஒப்ஷ்டினாக்களில் வ்ரானெஷ்டிட்சாவில் 2002-ல் இருந்தவர்கள் 1,322 பேர். ஸாயஸ் அப்படிச் சின்னஞ்சிறியது அன்று. இரண்டையும் ஒரே கோட்டுக்குள் கொண்டுவந்ததை 'சிறியவற்றை இணைத்தல்' என்ற சொல்லில் அடக்க முடியாது.

இந்த எல்லைச் சட்டத்தை எதிர்த்து 2004 நவம்பர் 7-ல் நாடு தழுவிய பொது வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் மிகப் பெரும்பான்மையோர் சட்டத்துக்கு எதிர்தான். இருந்தும் தோற்றது, ஏனென்றால் பாதி வாக்காளர்களாவது வந்தால்தான் முடிவு செல்லும். வந்தவர்கள் சுமார் 26 சதவீதம். வாக்கெடுப்புக்கு மூன்று நாள் முன்னதாக அமெரிக்கா அந்நாட்டை 'மாசிடோனியக் குடியரசு' என்ற பெயரிலேயே அங்கீகரித்தது. பெயருக்காகக் கிரேக்கத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த மக்களுக்கு அது சாதாரணப் பரிசல்ல. வாக்குச்சாவடி காலியாகக் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்று இன்றும் பேசிக்கொள்கிறார்கள்.

எல்லை எப்படிப் பிறந்தது என்பதை விட்டு, மன்றத்துக்குள் வருவோம். உறுப்பினர் எண்ணிக்கை மக்கள்தொகையைப் பொறுத்தது. 5,000 பேர் வரை 9 உறுப்பினர், ஒரு லட்சத்துக்கு மேல் 33, இடையில் 11, 15, 19, 23, 27, 31 என்ற படிகள். எல்லாம் ஒற்றைப்படை எண்கள். ஸ்கோப்யே நகர மன்றத்தில் மட்டும் 45 பேர். வார்டு கிடையாது, ஒப்ஷ்டினா முழுவதும் ஒரே தொகுதி, கட்சிப் பட்டியலுக்கு ஓட்டு, விகிதாசாரப்படி இடம். எங்கள் தெரு உறுப்பினர் என்று யாரையும் சுட்ட முடியாது என்பதால், தெருவிளக்கு எரியாவிட்டால் ஆள் தேடுவது மேயரைத்தான். மேயரை மக்கள் நேரடியாக, நான்கு ஆண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். முதல் சுற்றில் யாருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முன்னணியில் உள்ள இருவருக்கிடையே இரண்டாம் சுற்று. முதல் சுற்றில் மூன்றில் ஒரு பங்கு வாக்காளராவது வரவேண்டும் என்றும் விதி உண்டு. வராவிட்டால் மறுதேர்தல். ஒரே வேட்பாளர் நிற்கும் இடங்களில் இதுதான் கண்ணி. எதிர்த்தரப்பு வேட்பாளரை நிறுத்தாமல், ஆதரவாளர்களை வீட்டிலேயே இருக்கச் சொன்னால் போதும்.

பண்பாடு, 20 சதவீதத்துக்கும் குறைவானோர் பேசும் மொழிகளின் பயன்பாடு, உள்ளாட்சியின் சின்னம், கொடி ஆகியவை பற்றிய தீர்மானங்களுக்கு இரட்டைப் பெரும்பான்மை தேவை. பிரெஞ்சுச் சட்ட அறிஞர் ஒருவரின் பெயரால் 'பாடிந்தேர் விதி' என்பார்கள். 27 பேர் கொண்ட மன்றத்தில் 24 பேர் வந்திருக்கிறார்கள், அவர்களில் 9 பேர் அந்த ஒப்ஷ்டினாவின் சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தில் 13 ஆதரவு ஓட்டு வேண்டும். அதோடு அந்த 9 பேரில் 5 பேராவது ஆதரித்திருக்க வேண்டும். பலர் தவறவிடும் இடம் ஒன்று இதில் உண்டு. சிறுபான்மை யார் என்று பார்ப்பது நாட்டளவில் இல்லை, ஒப்ஷ்டினா அளவில்தான். ஆகவே ஸ்ட்ருகாவிலும் கிச்செவோவிலும் இந்தக் கேடயம் மாசிடோனியர் கையில் இருக்கிறது. அல்பேனியருக்கான சலுகை என்று மட்டும் இதை எழுதுவது தவறு. ரோமா மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஷுட்டோ ஒரிஸாரியில் ரோமானி ஆட்சிமொழி. க்ருஷெவோவில் வ்லாக் மக்கள் 20 சதவீதத்தை எட்டவில்லை என்றாலும் அவர்கள் மொழிக்கு மன்றமே இடம் கொடுத்திருக்கிறது.

இனி பணம். கட்டுரையில் ஒரே வரியில் முடிந்துபோன இந்த விஷயத்தைத்தான் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

2005 ஜூலை 1-ல் அதிகாரங்கள் கைமாறின. தொடக்க, இடைநிலை, மேல்நிலைப் பள்ளிகள், மழலையர் காப்பகம், முதியோர் இல்லம், தீயணைப்பு, குடிநீர், கழிவுநீர், குப்பை, கல்லறை, நகரத் திட்டமிடல் எல்லாம் ஒப்ஷ்டினாவின் பொறுப்பு. புகைபோக்கி சுத்தம் செய்வதுகூடச் சட்டப் பட்டியலில் இருக்கிறது, குளிர்நாடு அல்லவா! கூடவே பணமும் வந்தது, ஆனால் பெரும்பகுதி உறைமேல் பெயர் எழுதி வந்த பணம். முதல் கட்டத்தில் பள்ளிக்கு விறகு, எண்ணெய், பராமரிப்புக்கென்று குறித்த மானியம். 24 மாதம் கணக்கு ஒழுங்காக இருந்து, கடன் பாக்கி சேராதிருந்தால் இரண்டாம் கட்டம். அப்போது ஆசிரியர் சம்பளத்தையும் சேர்த்துத் தொகுப்பு மானியம். பெரும்பாலான ஒப்ஷ்டினாக்களின் வரவில் பாதிக்கும் மேல் இப்படி மேலிருந்து வருவதுதான், அதில் பெரும்பகுதி மேயரின் மேசையைத் தொட்டுக்கொண்டு சம்பளமாகப் போய்விடும். பள்ளி மானியம் மாணவர் தலைக்கணக்கை ஒட்டியது. மலையூர்ப் பள்ளியில் ஒரு வகுப்பில் நான்கு பிள்ளைகள் இருந்தாலும் அறையைச் சூடாக்கத்தான் வேண்டும், ஆசிரியர் ஒருவர் வேண்டும். 2 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் பிள்ளைகளை இலவசமாக ஏற்றிவரவும் வேண்டும். கிராமப்புற ஒப்ஷ்டினாக்கள் கணக்கில் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

தடையில்லாமல் செலவழிக்கக் கிடைப்பது மதிப்புக் கூட்டு வரியின் பங்கு. தொடக்கத்தில் 3 சதவீதம், 2013-ல் 4.5, பின்னர் 2022-ல் சட்டத்தைத் திருத்திப் படிப்படியாக 6 என்றார்கள். பிரிக்கும் முறை பல ஆண்டுகள் இப்படி இருந்தது: ஒவ்வொரு ஒப்ஷ்டினாவுக்கும் முதலில் 30 லட்சம் டெனார், அதாவது 50,000 யூரோவுக்குச் சற்றுக் குறைவு. மிச்சத்தில் 12 சதவீதம் ஸ்கோப்யேவுக்கும் அதன் பத்து ஒப்ஷ்டினாக்களுக்கும், 88 சதவீதம் மற்றவற்றுக்கு. அந்த 88-ஐ மக்கள்தொகைக்கு 65, பரப்புக்கு 27, ஊர்களின் எண்ணிக்கைக்கு 8 என்ற எடையில் பங்கிடுவார்கள். 750 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்து, நாற்பது ஊர்களைக் கொண்ட நோவாட்சிக்கு இந்தக் கணக்கு உதவும். ஒரே ஊரான வெவ்ச்சானிக்கு அந்த 30 லட்சம்தான் முதுகெலும்பு. ஆளில்லா மலைக்கும் பங்கு உண்டா என்று நகர மேயர்கள் முணுமுணுப்பார்கள். ஆளில்லாவிட்டாலும் சாலை உண்டே என்பது கிராமத்து மேயர்களின் பதில். எங்களுக்குக் கிராமத்தார் கட்சியே நியாயமாகப் படுகிறது.

சொந்த வரி என்று பார்த்தால் சொத்து வரி, சொத்து கைமாறும் வரி, பரிசு-வாரிசு வரி. சொத்து வரி மதிப்பில் 0.10 முதல் 0.20 சதவீதம் வரை. விகிதத்தை மன்றம் முடிவு செய்யும். உரிமையாளர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருந்தால் வரியில் பாதி தள்ளுபடி. 60,000 யூரோ மதிப்புள்ள வீட்டுக்கு 0.10 வீதத்தில் 60 யூரோ, தள்ளுபடி போக 30 யூரோ. ஒரு வருடத்துக்கு! அதே வீடு கைமாறினால் 2 முதல் 4 சதவீதம் வரை வரி. 3 சதவீதம் என்றாலும் 1,800 யூரோ. அறுபது ஆண்டுச் சொத்து வரி ஒரே நாளில் வந்துவிடுகிறது. புதுக் கட்டடம் எழுந்தால் சதுர மீட்டர் கணக்கில் மனை மேம்பாட்டுக் கட்டணம் வேறு, அரசு மனை விற்றால் விலையில் 80 சதவீதம் ஒப்ஷ்டினாவுக்கு. இப்படி வரும்போது எந்த மேயருக்குத்தான் மாடிமேல் மாடி கட்டச் சொல்லத் தோன்றாது? ஸ்கோப்யேவின் மத்தியப் பகுதிகளில் இரண்டு வீடுகளுக்கு நடுவே ஏழு மாடி முளைப்பதற்கு வேர் இந்த வரி அமைப்பில் இருக்கிறது. ஆள் ஸ்விட்சர்லாந்திலோ ஜெர்மனியிலோ வேலை செய்ய, வீடு பூட்டிக் கிடக்கும் மலையூரில் மனை வாங்குவோர் இல்லை. வரிச் சீட்டை வாங்கவும் ஆள் இல்லை. கிச்செவோவில் 2002-ல், இன்றைய எல்லைக்கணக்கில், 56,734 பேர். 2021 கணக்கெடுப்பில் 39,669. வெளிநாட்டில் இருப்பவர்களைக் கழித்து எண்ணியது ஒரு காரணம், ஆனால் பூட்டிய கதவுகள் நிஜம்.

பட்ஜெட்டை டிசம்பர் 31-க்குள் மன்றம் நிறைவேற்ற வேண்டும். தவறினால் மார்ச் 31 வரை தற்காலிகச் செலவு மட்டும்; அதற்குமேலும் இழுத்தால் மன்றமே கலையும் நிலை வரும். மேயர் ஒரு கட்சி, மன்றப் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றால் ஒவ்வொரு குளிர்காலமும் இந்த இழுபறிதான். கடன்காரர் நீதிமன்றத் தீர்ப்போடு வந்தால் ஒப்ஷ்டினாவின் கணக்கு முடங்கும். முடங்கிய கணக்கிலிருந்து பனி அள்ளும் வண்டிக்கு டீசல்கூடப் போட முடியாது.

தலைநகரின் இரட்டை அடுக்கைப் பற்றிக் கட்டுரையில் ஒன்றுமே இல்லை. மற்ற ஊர்களில் வாக்காளருக்கு இரண்டு வாக்குச்சீட்டு, மேயருக்கு ஒன்று, மன்றத்துக்கு ஒன்று. ஸ்கோப்யேவில் நான்கு: நகர மேயர், நகர மன்றம், ஒப்ஷ்டினா மேயர், ஒப்ஷ்டினா மன்றம். பெரிய சாலை நகரத்தின் பொறுப்பு, அதிலிருந்து பிரியும் குடியிருப்புத் தெரு ஒப்ஷ்டினாவின் பொறுப்பு. மேல்நிலைப் பள்ளி நகரத்துக்கு, தொடக்கப் பள்ளியும் மழலையர் காப்பகமும் ஒப்ஷ்டினாவுக்கு. பேருந்து, குடிநீர், குப்பை, தீயணைப்பு நகரத்துக்கு. பொது நகரத் திட்டத்தை நகரம் வகுக்கும், தெருவாரியான விரிவான திட்டத்தை ஒப்ஷ்டினா வகுக்கும். கோளாறு இந்தக் கடைசி இடத்தில். மாடிகளை அனுமதித்துக் கட்டணம் வாங்குவது ஒப்ஷ்டினா. அந்த மாடிகளுக்குத் தண்ணீரும் சாக்கடையும் பேருந்தும் தர வேண்டியது நகரம். கட்டட அனுமதி 2013 முதல் மின்வழியாகிவிட்டது, கோப்பு வேகமாக நகர்கிறது. குழாயின் விட்டம் மட்டும் பழையபடியே இருக்கிறது.

குடிமக்களுக்கு வழி இருக்கிறதா என்றால், சட்டத்தில் இருக்கிறது. 10 சதவீத வாக்காளர்கள் கையெழுத்திட்டு ஒரு கோரிக்கை வைத்தால் 90 நாளுக்குள் மன்றம் அதை விவாதித்தே ஆக வேண்டும். 20 சதவீதம் பேர் கேட்டால் உள்ளூர் வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டும், முடிவு மன்றத்தைக் கட்டுப்படுத்தும். சிக்கல் மறுபடியும் அந்தப் பாதி வருகை விதிதான். 2015 ஏப்ரலில் தலைநகரின் சென்டர் ஒப்ஷ்டினாவில், நவீனக் கட்டடக் கலைக்குப் பெயர்பெற்ற நகர வணிக மையத்துக்கு அலங்காரத் தூண் முகப்பு ஒட்டலாமா என்று வாக்கெடுப்பு வைத்தார்கள். வந்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் முகப்பு வேண்டாம் என்றார்கள். வந்தவர்கள் சுமார் 40 சதவீதம். செல்லாது.

இணையப் பதிப்பில் 84 என்பதை 80 என்று, ஸ்கோப்யே நகரத்தைச் சேர்த்து 81 என்று திருத்திவிடுங்கள். நேரம் இருந்தால், கட்டுரையோடு வந்த வரைபடத்தையும் பாருங்கள். ஸாயஸும் ஒஸ்லோமேயும் அதில் இன்னும் தனி ஒப்ஷ்டினாக்களாகவே நிற்கின்றன.

இப்படிக்கு,
பால்கன் உள்ளாட்சி ஆவணங்களைத் தமிழில் பெயர்க்கும் இரு வாசகர்கள்